கடற்கரை – தாம்பரம் லோக்கல்: நின்று பார்க்க நல்ல இடம் எது?

1. ஜன்னலோரம் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம், குடும்பத்தோடு வருகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, ரயில் பைத்தியம். எந்த அளவுக்கு என்றால், லெவல் கிராசிங்கில் கேட் போட்டால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், இவள் மட்டும் கூட்ஸில் எத்தனை வேகன் என்று எண்ணி நோட்டில் எழுதுவாள்.

வந்தே பாரத் எல்லாம் இங்கேயே பார்த்தாயிற்று. சென்னை லோக்கல்தான் பார்க்க வேண்டுமாம். எங்கள் பக்கம் மேட்டுப்பாளையம் மெமு மின்சார ரயிலை விட்டால் அந்த மாதிரி வண்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் இருக்கிறது. பழைய தடம் எது, எங்கே நின்றால் நிறைய வண்டி பார்க்கலாம், படம் எடுத்தால் யாராவது சத்தம் போடுவார்களா? சொல்லுங்கள்.

2. வாப்7_விசிறி | செவ்வாய், இரவு 9.31

சார், லோக்கலில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே முகம், ஒரே பெட்டி. பத்து நிமிஷத்தில் பாப்பாவுக்கு அலுத்துவிடும். நேராகப் பேசின் பிரிட்ஜ் போங்கள். சென்ட்ரலுக்குள் போகிற வருகிற எல்லா வண்டியும் அங்கே தலையைக் காட்டியாக வேண்டும். ராயபுரம் ஷெட் (இன்ஜின்களைப் பராமரிக்கும் கொட்டகை) வாப்-7 மின்சார இன்ஜின், அரக்கோணம் ஷெட் இன்ஜின், வெளியூர் ஷெட் இன்ஜின் என்று ஒரு மணி நேரத்தில் நோட்டு நிறைந்துவிடும்.

3. மீட்டர்கேஜ் | செவ்வாய், இரவு 10.48

வாப்7 தம்பி சொல்லும் இடம் எக்ஸ்பிரஸ் பார்க்க அருமையான இடம், மறுக்கவில்லை. அவர் கேட்டது லோக்கல். மருமகன் வீட்டுக்கு வழி கேட்டவரை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடாதீர்கள்.

ஜன்னலோரம், உங்கள் மண்டபமே சரியான தடத்தில்தான் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11. தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலம். மீட்டர் கேஜ், மேலே கம்பியில் 1,500 வோல்ட் டி.சி., அதாவது நேர்மின்சாரம். மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் மனைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஊர் தெற்கே நீளும் என்று ரயில் விட்டார்களா, ரயில் விட்டதால் ஊர் நீண்டதா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை இன்று இருக்கிற ஊரை வரைந்தது இந்தத் தண்டவாளம்தான்.

1960களில் அந்த டி.சி. போய் 25,000 வோல்ட் ஏ.சி., அதாவது மாறுமின்சாரம் வந்தது. அப்போது ஜப்பானிலிருந்து மிட்சுபிஷி செய்த 20 மீட்டர் கேஜ் மின்சார இன்ஜின்கள் வந்தன. யாம்-1 என்று பெயர். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை அது இழுக்கும், அங்கே இன்ஜின் மாற்றுவார்கள். மாற்றுகிற நேரத்தில் இறங்கி டீ குடிப்பதற்கென்றே அந்த வண்டிகளில் போனவர்களை எனக்குத் தெரியும்.

நான் 1986-இலிருந்து பல்லாவரம்–எழும்பூர் சீசன் டிக்கெட். மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர்தான். அகலப்பாதையில் 1,676. அந்தப் பழைய பெட்டி ஒல்லி. எதிர் சீட்டுக்காரர் முழங்காலும் நம் முழங்காலும் தினமும் பேசிக்கொள்ளும். எதிர் ஆள் பேப்பரை விரித்தால் பின்பக்கத்து விளையாட்டுச் செய்தி நமக்கு இலவசம். கடைசியில் சில வருடம் அகலப்பாதையும் மீட்டர் கேஜும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. புது வண்டியில் நிற்பவர்கள் எங்களை மேலேயிருந்து பார்ப்பார்கள். 2004 ஜூலைத் தொடக்கத்தில் மீட்டர் கேஜ் லோக்கல் நின்றுபோனது. அந்த வாரம் நான் வேண்டுமென்றே பல்லாவரத்தில் இறங்காமல் தாம்பரம் வரை போய்த் திரும்பி வந்தேன், மூன்று நாள்.

சரி, கதை போதும். இடம் சொல்கிறேன்.

திரிசூலத்தில் இறங்குங்கள். கடற்கரை நோக்கிப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையம், வலப்பக்கம் மலை. அங்கிருந்து மீனம்பாக்கம், பழவந்தாங்கல் பக்கம் வந்தால், காற்று சரியான திசையில் இருக்கும் நாளில், விமானம் தண்டவாளத்துக்கு மேலே தாழப் பறந்து இறங்கும். லோக்கலும் விமானமும் ஒன்றையொன்று வெட்டும் அந்த நொடிக்காக நான் இன்றும் போவேன். அடுத்து சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றுப் பாலம். அதை வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறுவதைக் கேட்கச் சொல்லுங்கள் மகளிடம். மண்மேட்டில் ஓடும்போது அமுங்கி வரும் சத்தம் பாலத்தில் வெளியே திறந்துகொள்ளும்.

பெயர் எண்ணும் பிள்ளைக்கு ஒரு வேலை: கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 18 நிலையங்கள். ஒவ்வொன்றின் குறியீட்டையும் பலகையிலோ டிக்கெட்டிலோ பார்த்து எழுதச் சொல்லுங்கள். கடற்கரைக்கு எம்.எஸ்.பி., எழும்பூருக்கு எம்.எஸ்., சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். ஊர் 1996-இல் சென்னை ஆகிவிட்டது. சென்ட்ரலுக்கு அதன்பிறகு எம்.ஜி.ஆர். பெயரும் வைத்தாகிவிட்டது. குறியீட்டில் மட்டும் இன்னும் மெட்ராஸ் உட்கார்ந்திருக்கிறது.

4. தகரப்பெட்டி | புதன், காலை 7.55

இதைக் கிண்டி தாண்டி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். என் முதுகில் ஒருவருடைய டிபன் பை, முகத்துக்கு நேரே இன்னொருவர் அக்குள். இதைப் பார்க்கக் கோவையிலிருந்து ஆள் வருகிறாரா? வாருங்கள் வாருங்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு வாருங்கள், ரயிலைத் தவிர எல்லாம் தெரியும்.

5. மீட்டர்கேஜ் | புதன், காலை 8.20

தகரம், நீங்கள் பதினைந்து வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள், அதே வண்டியிலிருந்து.

6. பேன்டோ | புதன், காலை 10.05

வாப்7 சொன்ன "எல்லாம் ஒரே முகம்" என்பதற்கு மட்டும் பதில். முகத்தைப் பார்க்காதீர்கள், காதை வைத்துக் கேளுங்கள்.

பழைய ரேக்குகளில், அதாவது பழைய வண்டித் தொடர்களில், டேப் சேஞ்சர் இருக்கும். மின்மாற்றியிலிருந்து வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும் அமைப்பு. வண்டி கிளம்பும்போது தரைக்கு அடியில் 'டக்... டக்... டக்' என்று ஒவ்வொரு படியும் ஏறும், ஒவ்வொரு 'டக்'குக்கும் உடம்பை ஒரு சின்ன உந்தல் உந்தும். கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் புது ஆள் அப்போதுதான் பக்கத்து ஆள் மேல் சாய்வார். அப்புறம் பல்சக்கரம் ஊளையிடத் தொடங்கும். புது ரேக்குகள் மூன்று ஃபேஸ் மோட்டார். படி எல்லாம் கிடையாது. கிளம்பும்போது மெல்லிசாக ஒரு ராகம் இழுத்து, சட்டென்று ஸ்வரம் மாற்றி, மறுபடி இழுக்கும். வேகம் ஏறும்போது இழுவை சீராக இருக்கும், யாரும் யார் மேலும் சாய வேண்டியதில்லை.

ஜன்னலோரம், மகளை மோட்டார் பெட்டியில் ஏற்றுங்கள். கூரையில் பேன்டோகிராஃப், அதாவது மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும் அந்தக் கை, எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதுதான். மற்றப் பெட்டிகளில் உட்கார்ந்தால் பாதி சங்கீதம் போச்சு. பழைய டேப் சேஞ்சர் ரேக் இப்போது குறைந்துவிட்டது, கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அவள் பெரியவளாகி வரும்போது இருக்காது.

குளிர்சாதன ஏ.சி. லோக்கலும் ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 19-இல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் விட்டார்கள், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்தது. கதவு தானாக மூடும், பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே நடந்து போகலாம். டிக்கெட் தனி, ஆரம்பமே 35 ரூபாய். சாதா லோக்கலில் 5 ரூபாய். நேரம் பார்த்துக்கொண்டு போங்கள், எல்லா நேரமும் கிடைக்காது.

7. வாப்7_விசிறி | புதன், காலை 10.40

ஏ.சி. லோக்கலில் ஜன்னல் திறக்காது. சத்தமும் கேட்காது. உங்கள் வாதப்படி அது ரயிலே இல்லை 😄

8. பேன்டோ | புதன், காலை 10.52

சித்திரை வெயிலில் கேளுங்கள், பதில் மாற்றிச் சொல்கிறேன்.

9. ராயபுரத்தான் | புதன், மதியம் 1.30

எல்லோரும் தெற்கே போகிறீர்கள், அப்படியே வடக்கே திரும்புங்கள். இந்தியாவின் முதல் ரயில் நிலையம் எங்கள் ராயபுரம். அதைப் பார்க்காமல் பழைய தடம் என்று பேசலாமா? கடற்கரையிலிருந்து அடுத்த ஸ்டாப்.

10. மீட்டர்கேஜ் | புதன், மதியம் 2.15

ராயபுரத்தான், ஊர்ப் பாசம் புரிகிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. பம்பாய்–தாணே 1853, ஹௌரா பக்கம் 1854. ராயபுரம் திறந்தது 1856 ஜூன் கடைசி, ஜூலை 1-ஆம் தேதி முதல் வண்டி வாலாஜா ரோடு வரை, நூறு கிலோமீட்டர் சொச்சம். ஆக தெற்கில் முதல், இந்தியாவில் இல்லை. ஆனால் அந்த முந்தைய இரண்டிலும் ஆரம்ப காலக் கட்டடம் இன்று நிற்கவில்லை. நிற்கிறவற்றில் மூத்தது ராயபுரம். பெருமை வேண்டுமென்றால் அதுவே தாராளம்.

11. ராயபுரத்தான் | புதன், மதியம் 2.40

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837-லேயே தண்டவாளம் போட்டுச் சாலைக்குக் கல் ஏற்றினார்களே, அதைக் கணக்கில் சேர்த்தால் பம்பாய் எங்கே நிற்கும்?

12. மீட்டர்கேஜ் | புதன், மதியம் 2.44

அதைச் சேர்த்தால் மெட்ராஸ் முதல்தான். கல்லுக்கு டிக்கெட் வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

13. ராயபுரத்தான் | புதன், மாலை 6.10

😂 சரி. ஜன்னலோரம், பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1907-இல் சென்ட்ரலுக்கு மாற்றும் வரை பெரிய வண்டிகளின் தலைநிலையம் ராயபுரம்தான். கட்டடத்தின் முகப்பில் உயரமான தூண்கள், தலையில் இலை இலையாகச் செதுக்கின மாதிரி வேலைப்பாடு. 2005-இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் கடற்கரையிலிருந்து போகிற லோக்கல் இந்த வழியாகத்தான் போகும். ஞாயிறு காலை போனால் நிலையத்தில் உங்களையும் ஒரு நாயையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சிறு வயதில் நாங்கள் அந்தத் தூண் நிழலில் கோலி ஆடினோம். தூணுக்கும் இவ்வளவு வயது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

கடற்கரை நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகள் "அப்பா, கடல் எங்கே?" என்று கட்டாயம் கேட்பாள். பெயரில்தான் கடற்கரை. நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகம். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

14. ஜன்னலோரம் | புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மகளுக்குப் படித்துக் காட்டினேன், மீட்டர்கேஜ் ஐயா முழங்கால் கதையை இரண்டு தரம் கேட்டாள். படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? கையில் சின்ன கேமரா இருக்கிறது.

15. வில்லிவாக்கம்_8.05 | புதன், இரவு 10.30

அனுபவம் சொல்கிறேன். போன வருடம் ஒரு நிலையத்தில், எது என்று வேண்டாம், டிக்கெட் எடுத்து, நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று, லோக்கல் வருவதைப் படம் எடுத்தேன். பணியில் இருந்த ஒருவர் வந்து "எதுக்கு எடுக்கறே?" என்றார். ரயில் பிடிக்கும் என்றேன். "ரயில் பிடிச்சா ஏறிப் போ" என்றார். கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் ரயில் படம், நடுவில் என் அக்கா பெண்ணின் காதுகுத்து. காதுகுத்துப் படம் வந்ததும் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "குழந்தை யாரு?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று எடுத்த மூன்று படத்தை மட்டும் அழிக்கச் சொன்னார்.

அதற்கப்புறம் நான் செய்வது இதுதான்: நிலையத்துக்குள் போனதும் நிலைய அலுவலரைப் பார்த்து முன்னாலேயே கேட்டுவிடுவேன். குழந்தையோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதைக் கண்டாலே எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

16. இழை மேற்பார்வை | வியாழன், காலை 6.45

வழக்கமான அறிவிப்புதான், குழந்தை வருவதால் இன்னொரு தரம்.

தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுத்துப் போட்டால் அந்தப் பதிவு இங்கே நிற்காது. அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். படியில் தொங்கி எடுத்த காணொளியும் அப்படியே. 2018 ஜூலையில் பரங்கிமலையில், வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் போன லோக்கலில் படியில் தொங்கியவர்கள் சுவரில் மோதி இறந்தார்கள். அந்தத் தடத்தில் தினமும் போகிற நம்மில் பலர் அடுத்த ஒரு வாரம் உள்ளே தள்ளி நின்றோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

நடைமேடை டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். லோக்கல் டிக்கெட் அதைவிட மலிவு என்று அதை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காராதீர்கள். பயண டிக்கெட் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும்.

17. தகரப்பெட்டி | வியாழன், காலை 8.02

இன்று சீட் கிடைத்தது. பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

18. வில்லிவாக்கம்_8.05 | வியாழன், காலை 9.15

மேற்குத் தடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து, அதாவது சென்ட்ரலுக்குப் பக்கத்து லோக்கல் நிலையத்திலிருந்து, திருவள்ளூர் வண்டியில் ஏறுங்கள். அங்கே முன்பு நின்ற மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. பழைய புத்தகக் கடைகளை இன்றும் பெருமூச்சோடு பேசுகிற ஆள் எங்கள் வீட்டிலேயே உண்டு. இந்தப் பக்கம் மின்சார லோக்கல் வந்தது 1979-இல்தான், தெற்குத் தடத்துக்கு நாங்கள் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தம்பி. எங்கள் தடம் முதலிலிருந்தே அகலப்பாதை, மீட்டர் கேஜ் கண்ணீரெல்லாம் எங்களுக்கு இல்லை 😊

ஆனால் எங்களிடம் ஒன்று இருக்கிறது. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம் என்று போகும்போது வலது இடது என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டுங்கள். ஐ.சி.எஃப். பக்கத்தில்தான். 1955-இலிருந்து பெட்டி செய்கிற இடம். சில நாள் புதிதாகச் செய்த பம்பாய் லோக்கல், பெயின்ட் வாசனை போகாத நிலையில், முன்னால் ஒரு இன்ஜின் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். மின்சார ரயில்தான், ஆனாலும் ஊர் போய்ச் சேரும் வரை சொந்தக் காலில் நடக்காது. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டு போகும். அதைப் பார்த்த அன்று அலுவலகம் தாமதமானாலும் பரவாயில்லை என்று தோன்றும். தாமதமானால் அவ்வளவு நன்றாக இருக்காது, அது வேறு விஷயம்.

19. வாப்7_விசிறி | வியாழன், காலை 9.40

இதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா முதலிலேயே! பம்பாய் லோக்கலை இழுத்துப் போகிற இன்ஜின் எந்த ஷெட் என்று யாராவது குறித்து வைத்திருக்கிறீர்களா?

20. பேன்டோ | வியாழன், காலை 10.20

இன்ஜின் ஷெட் கேட்காமல் உங்களால் ஒரு பதிவு போட முடியாதா?

பறக்கும் ரயிலை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கடற்கரை–வேளச்சேரி. 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர், அதாவது திருமயிலை வரை, 2007-இல் வேளச்சேரி வரை. இந்தியாவில் முதல் உயர்மட்ட ரயில். வரலாறு என்று சொல்ல வயது போதாது, ஆனால் அந்த நிலையங்களைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். காலியான மண்டபம், புறா, எதிரொலி. கூப்பிட்டால் நம் பெயரே திரும்பி வரும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இந்த வண்டியே இல்லை. திரும்ப வந்த அன்று நான் வேலை வெட்டி இல்லாமல் ஒரு நடை போய் வந்தேன்.

பார்க்க நல்ல இடம் பார்க் டவுன். கீழே தாம்பரம் லோக்கல் தரையோடு எழும்பூருக்குத் திரும்பும், பக்கத்திலேயே பறக்கும் ரயில் மெல்ல மேலே ஏறத் தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒன்று படியேறுகிற மாதிரி இருக்கும்.

21. மீட்டர்கேஜ் | வியாழன், மாலை 5.30

பேன்டோ சொன்ன பார்க் டவுனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை–கோட்டை–பார்க் வரை எல்லாத் தடமும் ஒட்டி ஓடுவதால் இரண்டு வண்டி பந்தயம் விடுவதும் தென்படும். எங்கள் காலத்தில் யார் முதலில் கோட்டை என்று எட்டணா பந்தயம் கட்டுவோம்.

எழும்பூரில் இறங்க வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1908-இல் திறந்த சிவப்புக் கட்டடம். முன்பெல்லாம் கார் நேராக நடைமேடைக்கே வந்து நிற்கும், கதவைத் திறந்தால் எதிரே ரயில் பெட்டி. இப்போது மறுசீரமைப்பு வேலையில் தகரத் தடுப்புதான் நிறையத் தெரிகிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஞாயிறு அட்டவணை தனி, வண்டி குறைவு. பாதைப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் நிறுத்தியும் வைப்பார்கள். சனி இரவே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

22. ஜன்னலோரம் | திங்கள், இரவு 10.15

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. மீட்டர்கேஜ் ஐயா சொன்னதை நான் கேட்கவில்லை. சனி இரவு பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன், அறிவிப்பைப் பார்க்க மறந்துவிட்டேன். ஞாயிறு காலை குரோம்பேட்டையில் முக்கால் மணி நேரம் வண்டியே வரவில்லை. மகள் முகம் தொங்கிவிட்டது. ஆனால் மெயின் லைனில் மூன்று எக்ஸ்பிரஸ் போயின, வாப்7 நண்பருக்காக எண்ணை எழுதி வைத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறேன்.

திரிசூலத்தில் விமானமும் லோக்கலும் சேர்ந்து வரவில்லை. விமானம் வந்தது, லோக்கல் போயிருந்தது. லோக்கல் வந்தது, விமானம் இல்லை. நாற்பது நிமிஷம் நின்றோம். ஐந்தாவது விமானத்துக்கு என் மனைவி "நான் வேண்டுமானால் ஓடட்டுமா?" என்றாள். பழவந்தாங்கலில் வண்டிக்குள் இருந்தபோது தலைக்கு மேல் ஒன்று இறங்கியது. ஆக, சேர்ந்துதான் இருந்தோம், வெளியேயிருந்து பார்க்க ஆள்தான் இல்லை.

மோட்டார் பெட்டியில் ஏறினோம். பக்கத்தில் ஒரு பாட்டி, மடியில் முருங்கைக்காய்க் கட்டு. மகள் குனிந்து தரையில் காதை வைக்கப் போனதைப் பார்த்துப் பதறி, "ஏம்மா, புள்ளைக்கு மயக்கமா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சத்தம் கேட்கிறாள் என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, புதுசு இழுக்கும், பழசு தட்டும்" என்றார். பேன்டோ, உங்கள் மூன்று பத்தி அங்கே முடிந்தது. எங்களுக்கு வந்ததெல்லாம் இழுக்கிறதுதான். தட்டுகிற வண்டி கிடைக்கவில்லை.

படம் பற்றி: இரண்டு நிலையத்தில் முன்கூட்டிக் கேட்டோம். ஒன்றில் "வேண்டாங்க" என்றார்கள், பையில் வைத்துவிட்டோம். இன்னொன்றில் சரி என்றதோடு, அடுத்து எந்த வண்டி எந்த நடைமேடை என்றும் சொன்னார்கள்.

ராயபுரம் போனோம். ராயபுரத்தான், நாய் இருந்தது. தூணைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்தாள், இரண்டு கையும் எட்டவில்லை.

ஒரு சந்தேகம், அவளுடையது. வழியில் ஓரிடத்தில் மின்விசிறியும் பாதி விளக்கும் சட்டென்று அணைந்து சில நொடியில் திரும்ப வந்தன. வண்டி நிற்கவில்லை, உருண்டுகொண்டே இருந்தது. கரண்ட் கட்டா என்று கேட்கிறாள்.

23. பேன்டோ | திங்கள், இரவு 10.40

"பழசு தட்டும்". இனிமேல் நான் ஏன் எழுத வேண்டும்?

கரண்ட் கட் இல்லை. மேலே கம்பிக்கு ஒவ்வொரு துணைமின் நிலையமும் தன் பங்கு தூரத்துக்குத்தான் மின்சாரம் கொடுக்கும். பக்கத்துப் பங்கு வேறு ஃபேஸில், அதாவது மின்சார அலை ஏறி இறங்கும் நேரம் வேறாக, இருக்கும், இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. அதனால் நடுவில் கொஞ்ச தூரம் மின்சாரம் இல்லாத கம்பி. ஓட்டுநர் முன்னாலேயே மின்சாரத்தைத் துண்டித்து, வந்த வேகத்தில் உருண்டு, தாண்டியதும் திரும்பப் போடுவார். தடத்தோரம் அதற்கென்று பலகையும் இருக்கும்.

24. மீட்டர்கேஜ் | திங்கள், இரவு 11.05

அவளிடம் இதையும் சொல்லுங்கள். 1931-இல் போட்ட டி.சி. கம்பியில் ஃபேஸ் என்பதே கிடையாது, அதனால் அந்தக் காரணத்துக்காக விளக்கு அணைய வேண்டிய அவசியமும் இல்லை. ஏ.சி. மின்சாரத்துக்கு மாறிய பிறகு வந்த பழக்கம் இது. எங்கள் வண்டியில் விளக்கு அணைகிற அந்த நொடிக்காகக் கல்லூரிப் பையன்கள் காத்திருந்து 'ஓ' என்று கத்துவார்கள். ஏன் அணைகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

25. தகரப்பெட்டி | செவ்வாய், காலை 7.58

இப்போதுதான் அணைந்தது. கத்தவில்லை, ஆனால் எண்ணிப் பார்த்தேன். ஏழு நொடி. பாப்பா நோட்டில் எத்தனை என்று இருக்கிறது?

26. ஜன்னலோரம் | செவ்வாய், காலை 8.30

ஆறு என்று எழுதியிருக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டே "அந்த அங்கிள் லேட்டா எண்ண ஆரம்பிச்சிருப்பார்" என்கிறாள். லேட்டாக ஆரம்பித்தால் குறையத்தானே வேண்டும் என்றேன். யோசித்துவிட்டுச் சொல்கிறாளாம், பஸ் வந்துவிட்டது.